உப்புப் பூத்த முகம்

எங்கள் குலசாமிக்கு முதலில் போனது மூக்கு. அடுத்தது மேல் உதடு. நான் சரியாகக் கவனித்த நாளில், கண் இருந்த இடத்தில் இரண்டு பள்ளங்களும் மோவாயில் ஒரு கீற்றும்தான் மிச்சம் இருந்தன.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு விலகி, கருவேலங்காட்டை ஒட்டி எங்கள் புஞ்சை இருக்கிறது. அதன் ஓரத்தில்தான் சாமி நிற்கிறது. இடுப்பளவு உயரமுள்ள சாம்பல் நிறக் கல். அதில் ஒரு பெண் உருவம். இரண்டு கைகளையும் குவித்து வாய்க்கு நேரே ஏந்தியிருப்பாள். யாரோ மேலிருந்து தண்ணீர் ஊற்ற, அதை வாங்கிக் குடிக்கப் போகிறவள் நிற்கிற விதம் அது. சுற்றிக் கட்டடம் கிடையாது, கூரையும் கிடையாது. வெயிலும் மழையும் நேராக அவள் மேல்தான் விழும்.

அவள் கதையை எங்கள் வீட்டில் யாரும் விரித்துச் சொல்வதில்லை. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். ஒரு பஞ்ச காலத்தில் கிழக்கேயிருந்து நடந்து வந்த பெண் எங்கள் ஊரில் வீடு வீடாகத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். இருந்த தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொண்டு இல்லை என்றார்கள். கடைசியாக அவள் கேட்டது எங்கள் முன்னோர் வாசலில். அங்கிருந்து புஞ்சைவரை நடந்து வந்து விழுந்தாள். அவள் செத்த பிறகு மழை பெய்தது. அந்த மழையைப் பார்த்துப் பயந்துபோய்க் கல் நட்டுக் கும்பிட ஆரம்பித்தவர்களின் வாரிசுகள்தான் நாங்கள்.

ஆகவே எங்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள். அவள் தலைக்கு மேல் கூரை போடக் கூடாது, மழை அவள் மேல் விழ வேண்டும். அவளிடம் வருகிற எவரும் வாய் திறந்து பேசுவதற்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பூவும் பொங்கலும் அப்புறம்தான். இவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டு நிற்கிறவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. பகையாளியாக இருந்தாலும் சரி, கடன்காரனாக இருந்தாலும் சரி, முதலில் செம்பு வெளியே வரும், சண்டை அதற்குப் பிறகு வரும்.

நான் அருப்புக்கோட்டையில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறேன். பாறை எப்படிச் சிதைகிறது என்பதை வருசா வருசம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. வெயிலில் கல் விரியும், குளிரில் சுருங்கும். வெடிப்பில் வேர் இறங்கும். மழைநீர் கல்லுக்குள் இருக்கிற சில கனிம மணிகளைக் கரைத்துக் களிமண்ணாக்கும், கரையாத மணிகள் மணலாக உதிரும். நின்ற இடத்திலேயே நொறுங்குவது சிதைவு, நொறுங்கியதைக் காற்றும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போவது அரிப்பு. இரண்டையும் குழப்பி எழுதினால் மார்க் கிடையாது என்று மிரட்டியும் வைப்பேன். நம் ஊர் மண்ணும் என்றைக்கோ பாறையாக நின்றதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பாத மாதிரி பார்க்கும். இத்தனை சொல்லிக்கொடுக்கிறவன், வீட்டுச் சாமியும் ஒரு கல்தான் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கும்பிடுகிற இடத்தில் யார் பாடம் நடத்துவார்கள்.

ஊரில் இருப்பவர் என் அண்ணன். புஞ்சையைப் பார்த்துக்கொண்டு, ஆடுகளை வைத்துக்கொண்டு, பழைய வீட்டிலேயே இருக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மதினியும் அவருமாக ஒருவரை ஒருவர் கேலி பேசியே காலத்தை ஓட்டினார்கள். மதினி என்னையும் சேர்த்துத்தான் கேலி பேசுவார். வாத்தியார் வந்துட்டாக, எல்லாரும் கையக் கட்டி உக்காருங்க என்பார். அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்ததே அவரால்தான்.

மதினிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. விருதுநகருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். அந்த நோயில் உடம்புக்குள் போகிற தண்ணீர் வெளியே போக வழி இல்லை. குடித்தால் கால் வீங்கும், அப்புறம் நெஞ்சுக்குள் போய் மூச்சை அடைக்கும். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அண்ணன் கேட்டார். டாக்டர் தன் மேசையில் இருந்த சின்ன பாட்டிலைக் காட்டினார். குழம்பு, காப்பி எல்லாமே அதற்குள் அடக்கம்.

எங்கள் சீமை வெயிலில் அது என்ன கொடுமை என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மதினி வாயைக் கொப்பளித்துத் துப்புவார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் ஒற்றிக்கொள்வார். ஒரு கல்யாண வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, அன்று சாயங்காலமே மூச்சு முட்டிக் கிடந்தவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோய்க் காப்பாற்றினோம். அதற்குப் பிறகு அண்ணன் தண்ணீர்க் கேனை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. வேறு என்ன செய்வார். அவர் அளந்து கொடுத்ததால்தான் மதினி அத்தனை நாள் இருந்தார். டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

நான் போயிருந்த ஒரு மத்தியானம் மதினி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கேட்டவுகளுக்குத் தண்ணி இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு சாமிக்குச் சத்தியம் பண்ணுன குடும்பம் தம்பி இது. எனக்கு மட்டும் பூட்டு.” விளையாட்டாகத்தான் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டார்.

ஒரு கோடையில் மறுபடியும் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் நானும் இருந்தேன். பாலவனத்தம் தாண்டும்போது மதினி அண்ணன் கையைப் பிடித்து ஒரு வாய் தண்ணி கேட்டார். ஆஸ்பத்திரி போனதும் தாரேன் என்றார் அண்ணன். மதினி தலையாட்டினார். விருதுநகர் எல்லைக்குள் வண்டி நுழையும்போது உயிர் இல்லை.

அண்ணன் அழுது நான் பார்க்கவில்லை. காரியம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த பிறகு அவர் ஒரு வேலை செய்தார். புஞ்சையில் இருந்த ஆழ்துளைப் போரிலிருந்து சாமிவரைக்கும் குழாய் இழுத்தார். அதுவரைக்கும் சாமிக்குத் தண்ணீர் என்பது மாசி மாதக் கும்பிடு அன்றைக்கும், கல்யாணம், காதுகுத்து என்று யாராவது வருகிற அன்றைக்கும்தான். ஊருணியில் மோந்து செம்பில் கொண்டுபோய் ஊற்றுவோம். இப்போது தினமும் காலையில் மோட்டாரைப் போட்டு, ஓஸ் குழாயைப் பிடித்து, தலையிலிருந்து கால்வரை நனைய நனைய ஊற்றினார். கோடையில் சாயங்காலமும் ஊற்றினார். காலடியில் சேறாகிறது என்று சிமெண்டு மேடை போட்டு, சுற்றி டைல்ஸ் பதித்தார். பங்காளிகள் எல்லாரும் மெச்சினார்கள். பரம்பரையில் யாருக்கும் தோணாதது இவருக்குத் தோணியிருக்கு என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவர் யாருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஊற்றட்டும், மனசு ஆறட்டும் என்று இருந்தேன்.

போன மாசிக் கும்பிட்டில்தான் முகத்தைப் பார்த்தேன். எண்ணெய் தடவி மஞ்சள் பூசும் வேலை அந்த முறை என்னிடம் வந்தது. கன்னத்தில் கை வைத்ததும் சொரசொரவென்று மணி மணியாக விரலோடு வந்தது. கழுத்தோரத்தில் தோல் உரிகிற மாதிரி பட்டை பட்டையாகக் கல் உரிந்திருந்தது. மடிப்புகளில் வெள்ளையாகப் பொடி. விபூதி என்று நினைத்துத்தான் தொட்டேன். விபூதியின் வழவழப்பு அதில் இல்லை. யாரும் பார்க்காதபோது விரலை நாக்கில் வைத்தேன். உப்பு.

அதற்கு மேல் எனக்குக் கும்பிடு ஓடவில்லை. எங்கள் பக்கத்துப் போர்த்தண்ணீர் உப்பு என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கல்லைப் பார்த்தால் இறுகிக் கிடக்கிற மாதிரி இருக்கும், ஆனால் மணிக்கு மணி நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டு. தண்ணீர் அதற்குள் இறங்கும். வெயில் அடித்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் உள்ளே தங்கும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அந்த உப்பு உள்ளுக்குள்ளேயே பூத்துப் பெருத்து, இடம் போதாமல் மணிகளை நெட்டித் தள்ளும். சிமெண்டு மேடையும் டைல்ஸும் இருப்பதால் அடியில் தேங்குகிற தண்ணீருக்கும் மண்ணுக்குள் இறங்க வழி இல்லை, கல் வழியாகத்தான் மேலே ஏறும். தினமும் நனைத்துத் தினமும் காயவிட்டால் எந்தக் கல்லும் தாங்காது. மழை அவளைக் கரைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கரைத்துத்தான் இருக்கும். ஆனால் மழைக்கு அவசரம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக மழை எடுக்காத மூக்கை, மதினி போன பிறகு வந்த சில கோடைகள் எடுத்துவிட்டன.

பாறைச் சிதைவு என்று கரும்பலகையில் எழுதும்போது எனக்கு எந்த வலியும் இருந்ததில்லை. அன்று வலித்தது.

பங்காளிகளும் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். எங்கள் பங்காளிகளுக்கு எதற்கும் காரணம் தெரியும், ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள் என்பதுதான் சிக்கல். கற்பூரச் சூடு என்றார் ஒருவர். கல்லே மட்டமான கல் என்றார் இன்னொருவர். திருப்பூரில் இருந்து வந்திருந்த சித்தப்பா மகன் புதுச் சிலை அடித்து வைத்துவிட்டு இதைக் கண்மாயில் இறக்கிவிடலாம் என்று திட்டமே போட்டுவிட்டான். கடைசியில் ஒரு பெரியப்பா, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் தினமும் தொட்டுக் குளிப்பாட்டினால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தானே செய்வாள் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அண்ணன் பொங்கல் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது என்பது பானையை அவர் வைத்த விதத்தில் தெரிந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. நானும் பதிலுக்கு ஏதோ காட்டமாகப் பேசினேன். ஆனால் உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சாமிக்குக் கோபம் என்று சொன்னால் அண்ணன் தாங்கிக்கொள்வார், நான்கு நாளில் மறந்தும் போவார். நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் அவளைத் தின்கிறது என்று சொன்னால்? தாகத்தோடு செத்தவளுக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் அந்த மனுசனைக் காலையில் படுக்கையை விட்டு எழுப்பிக்கொண்டிருந்தது. அதையும் பிடுங்கினால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். அண்ணன் புஞ்சையில்தான் இருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஓஸிலிருந்து தண்ணீர் சாமியின் தலையில் விழுந்து முகத்தில் வழிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் ஓஸைக் கீழே போடவில்லை. சாமி மேலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டார்.

“நீ கல்லப் பத்தித்தான பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற. மத்தவுக சொல்றது கிடக்கட்டும். நீ சொல்லு தம்பி, இவ மூஞ்சி எதுனால போகுது?”

அவரை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனேன். குழாய்த் தண்ணீர் தெறித்துத் தெறித்து அதன் சுவர் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிந்திருந்தது. பூச்சு எப்போதோ விழுந்துவிட்டது, செங்கல்லும் பாதி உதிர்ந்துபோய்க் கிடந்தது. விரலால் தேய்த்தேன், சிவப்புப் பொடி கொட்டியது. எங்கள் பக்கத்தில் இது இல்லாத வீடே கிடையாது. போர்த்தண்ணி பட்டால் சுவர் பொரியும் என்று எல்லாரும் சொல்வோம், எல்லாரும் திட்டுவோம். அந்தத் தண்ணீரே சாமி மேல் விழும்போது மட்டும் அது அபிஷேகம், அதற்கு உப்பு கிடையாது என்று எல்லாருமாகச் சேர்ந்து நம்பிவிட்டோம். அண்ணன் சுவரைப் பார்த்தார். அங்கிருந்தே திரும்பிச் சாமியைப் பார்த்தார்.

சுவிட்சை அமுக்கி மோட்டாரை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கையைச் சுவிட்சிலேயே வைத்திருந்தார்.

“அப்ப ஒரு நாளைக்கு எம்புட்டு ஊத்தலாம்?” என்றார்.

டாக்டரிடம் கேட்ட கேள்வி. குரலும் அதே குரல்தான். தினமும் ஊற்ற வேண்டாம், மழை விழட்டும், வருசக் கும்பிடு அன்றைக்கு மட்டும் முன்னை மாதிரி ஒரு செம்பு போதும், மேடையை உடைத்துவிட்டால் அடியில் இருக்கிற ஈரமும் மண்ணில் இறங்கிவிடும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வாத்தியார் புத்தி, விளக்கம் சொல்லத்தான் வரும்.

அவர் மேடையில் உட்கார்ந்தார். ஈர டைல்ஸ், வேட்டி நனைந்தது. “கைய ஏந்திக்கிட்டு நிக்கிறா. இல்லைன்னு சொல்லச் சொல்ற. இன்னொருக்கா என்னால முடியாது தம்பி” என்றார். மதினி போனதிலிருந்து அன்றுதான் அவர் குரல் உடைந்து கேட்டேன். நானும் அழுதேன். தலை நரைத்த இரண்டு பேர் கருவேலங்காட்டோரம் உட்கார்ந்து அழுததைப் பார்க்க ஆடுகள் தவிர யாரும் இல்லை.

ஆடுகள் என்று சொன்னது ஒப்புக்கு இல்லை. அவற்றில் ஒன்று வந்து மேடைப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் வாயை வைத்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு போனது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் கேட்டார், இந்தத் தண்ணியை நம்ம குடிப்பமா என்று. குடிக்க மாட்டோம் என்றேன். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் குடிக்க மாட்டார்கள். வண்டியில் வருகிற கேன் தண்ணீர்தான் குடிப்பது, உலை வைப்பது எல்லாம். அண்ணன் வீட்டிலும் அதுதான். பூட்டி வைத்திருந்ததும் அந்தத் தண்ணீர்தான்.

“நம்ம வாயில வைக்க முடியாததத்தான் இம்புட்டு நாளும் அவளுக்கு ஊத்திருக்கேன்.”

பங்காளிகள் எல்லாரும் மெச்சினோமே, நானும் சேர்ந்துதானே மெச்சினேன். அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அவர் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். புதுச் சிலை பற்றிக் கேட்டேன். வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும், இவளைக் கண்மாயில் இறக்க மட்டும் விட மாட்டேன் என்றார். பங்காளிகளிடம் காரணத்தை அவரே சொல்லிவிடுவதாகவும் சொன்னார், நீ ஒன்றும் பூசி மெழுக வேண்டாம் என்றார். வீட்டில் கேனைச் சாய்த்துச் செம்பு நிறையத் தண்ணீர் பிடித்தார்.

திரும்பி வரும் வழியில், மறைக்கக் கூடாது என்று தோன்றியதால் மிச்சத்தையும் சொன்னேன். உள்ளே போன உப்பு உள்ளேதான் இருக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினால் வேகம் குறையலாம், ஆனால் போன முகம் வராது, இன்னும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். போனது வராது என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கல்லின் முன்னால் போய் நின்றார். வழக்கமாகத் தலையில்தான் ஊற்றுவார். இப்போது குனிந்து, ஒரு கையைக் கல்லின் பிடரியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார், படுத்திருக்கிற நோயாளியைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி. வாய் இருந்த இடத்தில் செம்பைச் சாய்த்து, சிந்தாமல், மெதுவாக ஊற்றினார். தண்ணீர் மோவாயில் இறங்கி, ஏந்திய கைகளில் நிறைந்தது.

பிறகு மதினியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “அளவு பாக்க வேணாம், குடி” என்றார்.